மாரப்பனின் இருநூற்றுப் பதினோரு விக்கெட்

ஜனவரி 2, செவ்வாய்

மோட்டார் மறுபடியும் மக்கர். பம்பு கம்பெனியில் முப்பத்தினாலு வருஷம் குப்பை கொட்டியவன் வீட்டில் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மனைவி சரோஜினி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். வாயைத் திறக்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பத்து மணிக்கு லீக் செயலாளர் திருஞானத்தின் போன். எங்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் லீக்குக்கு இது ஐம்பதாவது வருஷம். வேலைக்குப் போய்க்கொண்டே லீவு நாளில் ஆடுகிறவர்களின் லீக். மில், ஃபவுண்டரி, பேங்க் என்று கோயமுத்தூரைச் சுற்றி இருபத்திரண்டு டீம். வருகிற 28ஆம் தேதி பழைய ஆட்டக்காரர்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிறார்கள். இருபத்தைந்து வருஷம் ஆடியிருக்க வேண்டும், இல்லையென்றால் இருநூறு விக்கெட்டோ ஐயாயிரம் ரன்னோ எடுத்திருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் தேறியிருக்கிறோம்.

"உங்களுக்கு ரெண்டு தகுதியும் இருக்குதுங்க சார். முப்பத்திமூணு வருசம், எரநூத்தி எழுவத்திநாலு விக்கெட். லிஸ்ட்ல நீங்கதான் மொதல்" என்றார்.

லிஸ்டை வாட்ஸாப்பில் அனுப்பினார். மூன்று தடவை படித்தேன். மாரப்பன் பேர் இல்லை.

ஐம்பது வருஷ லீக்கில் மாரப்பனை விட்டுவிட்டு ஒரு லிஸ்ட். இந்தக் கமிட்டியில் இருக்கிறவர்களுக்குக் கண் இருக்கிறதா, இல்லை பொட்டைக்கண்ணா?

ஜனவரி 4, வியாழன்

நேரிலேயே போய்விட்டேன். திருஞானத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாரப்பன் பந்து வீசியபோது இவர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார். பழைய ஸ்கோர் புத்தகங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாராம், அதில் ஒரு பெருமை.

சொன்னேன். கம்பெனி ஃபவுண்டரியில் இரும்பு வார்க்கிற அச்சுப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் மாரப்பன். உள்ளங்கையெல்லாம் காய்ப்பு. அந்தக் கையால் அவன் வீசிய பந்து நேராக வருவதுபோல் வந்து கடைசி அடியில் உள்ளே திரும்பும். பேட்ஸ்மேன் பேட்டைத் தூக்கி முடிப்பதற்குள் நடு ஸ்டம்ப் சாய்ந்திருக்கும். 96 இறுதி ஆட்டத்தில் பத்தொன்பது ரன்னுக்கு ஏழு விக்கெட் எடுத்தான். அப்படி ஒரு ஸ்பெல்லை அதற்கப்புறம் இந்த மைதானம் பார்க்கவில்லை.

திருஞானம் தட்டிப் பார்த்தார். "மாரப்பன்னு ஒருத்தர் ஆடுனதாவே ரெக்கார்டு இல்லீங்க சார். ஒரு மேட்ச் கூட இல்லை."

"ரெக்கார்டு கெடக்குது குப்பையில! அந்தப் புஸ்தகத்த எழுதுனவனே நான்தானய்யா!"

"அப்ப நீங்கதானுங்க சார் சொல்லோணும், எதுக்கு அவர் பேரு இல்லைன்னு."

பேச்சைப் பார். அவனோடு மல்லுக்கட்டி என்ன பயன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 5, வெள்ளி

மெக்கானிக் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவனைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜனவரி 7, ஞாயிறு

மேட்ச். அறுபது வயதில் நான் ஸ்லிப்பில் நிற்கிறேன், பாயின்ட்டில் நிற்கிற இருபத்திரண்டு வயதுக்காரன் மொபைலை எடுத்துப் பார்க்கிறான். கேட்ச் அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது. மைதானத்திலேயே பிடித்து விளாசிவிட்டேன். தோற்றுப்போனோம்.

முடிந்ததும் சென்னியப்பன் வந்தார். கம்பெனி டீமுக்குப் பதினைந்து வருஷம் கேப்டன், பர்ச்சேஸ் மேனேஜராக ஓய்வு பெற்றவர். ஐயாயிரம் ரன் கணக்கில் அவரும் லிஸ்டில் இருக்கிறார். நான் மாரப்பனுக்காகப் போய்க் கேட்டதைத் திருஞானம் அவரிடம் சொல்லியிருப்பார்.

"ஏம்ப்பா ஜெகநாதா, எதுக்கு இப்பப் போயி மாரப்பன் பேர எடுத்தே? அந்தக் காலத்துல எல்லா டீமும் பண்ணுனதுதான. எவன் யோக்கியம்?"

எழுதிவிடுகிறேன். இது என் டைரி, இதில் யாருக்குப் பயப்படவேண்டும்?

அப்போது லீக்கில் ஒரு சட்டம் இருந்தது. கம்பெனி டீமில் நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் ஆடலாம். காண்ட்ராக்ட் ஆள் ஆடக்கூடாது. மாரப்பன் காண்ட்ராக்ட். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபவுண்டரி வாசலில் அவன் பந்து போட்டதைச் சென்னியப்பன் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறே அவன் டீமில் இருந்தான். அவன் ஆட ஒரு நிரந்தரத் தொழிலாளியின் பேர் தேவைப்பட்டது. அடையாள அட்டையில் போட்டோ கிடையாது, கம்பெனி சீல் மட்டும்தான். மூன்று சீசன் ஆடி, பதினொன்றாவது ஆளாக ஒட்டிக்கொண்டிருந்தவன் ஒருத்தனின் பேர் சும்மா கிடந்தது. அதைக் கொடுத்தார்கள்.

அது என் பேர்.

93 முதல் 2001 வரை ஒன்பது சீசன் மாரப்பன் கே. ஜெகநாதனாகப் பந்து வீசினான். ஜெகநாதன் மரத்தடியில் உட்கார்ந்து ஸ்கோர் எழுதினான். அவன் விக்கெட் எடுக்க எடுக்க என் கையாலேயே என் பேருக்கு நேராகப் போட்டேன். 2002இல்தான் மறுபடி நானே களத்தில் இறங்கினேன்.

சட்டம் போட்டவர்கள் முட்டாள்கள். திட்டம் சென்னியப்பனுடையது. நான் பேரை மட்டும்தான் கொடுத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

மெக்கானிக் வந்தான். காயில் போய்விட்டது என்றான். அதை நானே சொல்லியிருப்பேன்.

சாப்பிடும்போது சரோஜினியிடம் கமிட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அந்தச் சூப்பர்வைசர் வேலை எதுக்காகக் கெடச்சுதுன்னும் அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். இந்த வீட்டில் ஒரு மனுஷன் நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

சரி. 96இல் கோப்பையை ஜெயித்த டீமுக்கு எம்.டி. விருந்து வைத்தார். ஏழு விக்கெட் எடுத்த ஜெகநாதனைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, ஸ்டோர்ஸில் சூப்பர்வைசர் ஆக்கினார். அன்றைக்கு மாரப்பன் ஷிப்டில் இருந்தான். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு விருந்துக்கு அழைப்பு இல்லை. நான் என்ன, எம்.டி. கையைத் தட்டிவிட முடியுமா?

ஜனவரி 14, ஞாயிறு

போகி. பரண் சுத்தம் செய்ததில் 96 டீம் போட்டோ கிடைத்தது. முன்வரிசையில் கோப்பையைப் பிடித்தபடி நான் இருக்கிறேன். ஓரமாக, சட்டகத்துக்கு வெளியே போகிற மாதிரி, கிட் பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மாரப்பன். சிரித்துக்கொண்டிருக்கிறான். என்ன சிரிப்பு வேண்டிக் கிடந்தது அவனுக்கு?

பழைய பாயோடு சேர்த்து எரித்துவிடலாமா என்று கையில் வைத்துக்கொண்டே நின்றேன். சரோஜினி வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

ஜனவரி 16, செவ்வாய்

மாட்டுப் பொங்கல். மாரப்பனைப் பார்த்துவிட்டு வந்தேன். சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் காவலாளியாக இருக்கிறான் என்று பழைய ஆள் ஒருத்தர் சொன்னார். கரும்பும் ஒரு டப்பா சர்க்கரைப் பொங்கலும் எடுத்துப் போனேன்.

நீலச் சட்டை போட்டு கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நரைத்துவிட்டான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வலது கையில் இரண்டு விரல் இல்லை, 2001இல் அச்சுப் பெட்டி விழுந்து நசுங்கியது. ஆஸ்பத்திரியில் ஒருதரம் பார்த்தது. அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

"வாங்ணா. பொங்கலுக்குப் பொங்கலா? உக்காருங்க" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

விழாவைப் பற்றிச் சொன்னேன். கமிட்டியிடம் சண்டை போட்டதைச் சொன்னேன். விழா மேடையிலேயே எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லப்போகிறேன், என் பேரில் இருக்கிற இருநூற்றுச் சொச்சம் விக்கெட்டும் உன்னுடையது என்று ஊருக்கே சொல்கிறேன் என்றேன். அவன் முகம் மலரும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"எரநூத்திப் பதினொண்ணு" என்றான்.

"என்ன?"

"சொச்சம் இல்லீங்ணா. எரநூத்திப் பதினொண்ணு."

கேட்டுக்கு ஒரு கார் வந்தது. போய்த் திறந்துவிட்டு, நோட்டில் நம்பரை எழுதிவிட்டு வந்தான். மூன்று விரலால் பேனாவைப் பிடித்து மெதுவாக எழுதுகிறான். திரும்பி வந்தபோது உட்காரவில்லை.

"ஏனுங்ணா, என்ற விக்கெட்டெல்லாம் வாங்கிக்கிட்டீங்க. வேலையும் வாங்கிக்கிட்டீங்க. இப்ப மேடையேறி, உண்மையச் சொன்ன உத்தமன்னு பேரும் வாங்கோணுமுங்களா? அதையும் நான்தான் குடுக்கோணுமா?"

எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "உனக்காகத்தான்டா ஊரெல்லாம் சண்டை போட்டுட்டுத் திரியறேன்! இத்தன வருசம் நீயாவது வந்து கேட்டியா?"

"கேட்டனுங்களே."

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"கை போனதுக்கப்புறம் வந்து கேட்டனுங்களே. மறந்துட்டீங்களா? வெரலு போனா ஃபவுண்டரில வெச்சுக்க மாட்டாங்க. ஒரு மில்லுல வெளையாட்டுக்காரனுக்கு வேலை போட்டுக் குடுக்கறோம்னாங்க, பசங்களுக்குப் பந்து போடச் சொல்லிக் குடுக்கோணும். நம்ம கம்பெனிக்கு ஒம்போது வருசம் ஆடுனேன்னு ஒரு லெட்டர் கேட்டு உங்க வீட்டு வாசல்ல நின்னேன். அண்ணி மோர் குடுத்தாங்க. நீங்க சூப்பர்வைசரு. எழுதுனா என்ற வேலை போயிரும் மாரப்பான்னு சொல்லி அனுப்புனீங்க."

பொங்கல் டப்பாவை நீட்டினேன்.

"அன்னிக்கு ஒரு லெட்டரு எழுதியிருந்தீங்கன்னா, இன்னிக்கு இந்த கேட்டைத் தொறந்துவுட்டுட்டு இருக்க மாட்டனுங்க. இப்ப உங்களுக்கு ரிட்டயர்மென்ட் ஆயிருச்சு. இப்பச் சொன்னா உங்களுக்கு என்ன போவுது?"

பொங்கல் டப்பாவை வாங்கிக்கொண்டான். கரும்பை வாங்கவில்லை. பல் சரியில்லை என்றான்.

ஆஸ்பத்திரிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் என்று மேலே எழுதியது பொய். லெட்டர் விஷயத்தை இதுவரை இந்த டைரியில் எழுதவில்லை. மறதியால் அல்ல.

ஜனவரி 18, வியாழன்

லீக் ஆபீசுக்குப் போய் என் பேரை லிஸ்டிலிருந்து எடு என்றேன். காரணத்தையும் சொன்னேன், முழுதாக, லெட்டர் உட்பட. திருஞானம் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார்.

"ஷீல்டுல பேரு வெட்டியாச்சுங்க சார். பேனரு அடிச்சாச்சு. ஸ்பான்சரு வர்றாரு. இப்ப இதக் கிளப்புனா ஒரு வருசத்துக் கோப்பையே செல்லாதுன்னு ஆயிரும். விழா முடியட்டும், கமிட்டில வெச்சுப் பேசிக்கலாமுங்க."

"முடிஞ்சப்பறம் எதுக்குப் பேசறது?"

"நீங்க இருவத்தெட்டு வருசம் கழிச்சுத்தானுங்க சார் பேசறீங்க."

இந்த ஆள் ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொல்லித் தொலைக்கிறார். எனக்கு இவரைப் பிடிக்கவே பிடிக்காது.

வீட்டுக்கு வருவதற்குள் சென்னியப்பன் போன். "வாயத் தொறந்தீன்னா பதினோரு பேரும் திருட்டுப் பசங்கன்னு ஆயிரும். செத்துப்போன ரெண்டு பேரையும் சேத்து. உனக்குப் பாவம் தொலையோணும்னா பழனிக்குப் போ. எங்கள எதுக்கு இழுக்கறே?"

பதிலுக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஜனவரி 20, சனி

மோட்டார் ஓடுகிறது. தண்ணீர் நிரம்பி வழிந்து பக்கத்து வீட்டு வாசலெல்லாம் சகதி. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. வாசலைக் கழுவிக் கொடுத்தால் முடிந்துபோகிறது.

ஜனவரி 23, செவ்வாய்

விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாம். போகாவிட்டால் ஷீல்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பார்கள். போய் வாங்கினால் திருடன். போய் உண்மையைச் சொன்னால், மாரப்பன் சொன்ன மாதிரி, அதற்கும் கைதட்டல் வாங்குகிற திருடன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குத்தான் ஏதோ கிடைக்கிறது.

இதைச் சரோஜினியிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குச் சங்கடமா இருக்கறதுதான் இப்பப் பெரிய விசியமா?" என்றாள்.

"வேற என்ன விசியம்?"

"அவருக்கு என்ன வேணும்னு கேட்டீங்களா? போயி, நான் இதப் பண்றேன் அதப் பண்றேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கறீங்க."

ஜனவரி 24, புதன்

மறுபடி சரவணம்பட்டி. கேட்டுக்கு வெளியே நின்றே கேட்டேன். "மாரப்பா, நீ சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

கார் நம்பர் நோட்டை மூடிவைத்தான். பிறகு, விழா எத்தனை மணிக்கு என்று கேட்டான். காலை பத்து என்றேன். அன்றைக்கு டூட்டி மூன்று மணிக்குத்தான் என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஜனவரி 27, சனி

வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வந்தது. காலரில் கருக்கிவிட்டான். திட்டத் தெம்பில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

மைதானத்தில் பந்தல். முந்நூறு பேர் இருக்கும். பன்னிரண்டு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சென்னியப்பன் கோட் போட்டு வந்திருந்தார், என்னைப் பார்க்கவில்லை. பத்தே காலுக்கு மாரப்பன் வந்தான். காவலாளிச் சட்டையில்லை, வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். எனக்கு நேர் பின்னால் ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் உட்கார்ந்தான்.

முதல் பேரே என்னுடையது. திருஞானம் மைக்கில் படித்தார்: "முப்பத்திமூன்று ஆண்டுகள். இருநூற்று எழுபத்தி நான்கு விக்கெட்டுகள். 1996 இறுதி ஆட்டத்தின் நாயகன். திரு. கே. ஜெகநாதன்."

எழுந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. தோளில் ஒரு கை விழுந்தது. மூன்று விரல்.

"நீங்க உக்காருங்ணா. நான் போறேன்."

உட்கார்ந்தேன். அறுபது வருஷத்தில் யார் சொல்லியும் நான் இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்ததில்லை.

மாரப்பன் நடந்து போய் மேடையேறினான். சிறப்பு விருந்தினருக்கு எங்களில் யாரையும் தெரியாது. பொன்னாடை போர்த்தி, ஷீல்டைக் கையில் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்தார். ஜனம் கைதட்டியது. பழைய ஆட்கள் இருந்த பக்கம் மட்டும் கைகள் பாதியில் நின்றன. திருஞானத்தின் முகம் வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் மைக்குக்கு முன்னால் நின்றிருந்தான்.

சென்னியப்பன் எழுந்துவிட்டார். "மாரப்பா! கீழ எறங்கு!"

"இருங்க கேப்டன். என்ற ஓவரு இன்னும் முடியலீங்க" என்றான்.

பிறகு மைக்கில், அவசரமே இல்லாமல் சொன்னான்: "என்ற பேரு மாரப்பனுங்க. பம்பு கம்பெனி ஃபவுண்டரில காண்ட்ராக்ட்ல இருந்தேன். சார் படிச்சாருங்களே, எரநூத்தி எழுவத்திநாலு. அதுல எரநூத்திப் பதினொண்ணு என்றதுங்க. மிச்சம் அறுவத்திமூணு ஜெகநாதனோடது. அந்த ஏழு விக்கெட்டும் என்றதுதான். அந்த மேட்ச்ல அஞ்சு ஸ்டம்பு, ஒரு எல்பி, ஒரு கேட்ச்சு. கேட்ச்சுப் புடிச்சவரு இந்தா, கேப்டன்தான்."

யாரோ "ஃப்ராடு டீம்!" என்று கத்தினார்கள். இன்னொரு பக்கம் விசில். திருஞானம் மேடையிலிருந்தே என்னைப் பார்த்தார். "ஜெகநாதன் சார், இவரு சொல்றது...?" முந்நூறு தலையும் திரும்பியது.

"நெசந்தானுங்க" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் நிறைய இருந்தது.

அவன் இறங்கி, பின்வரிசை வழியாக வெளியே போய்விட்டான். சென்னியப்பன் என் சட்டையைப் பிடித்தார். பிடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு விடுவித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான். பொன்னாடையை நாலாக மடித்து அக்குளில் வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஷீல்டை நீட்டினான்.

"இதுல உங்க பேருதானுங்க இருக்குது. புடிங்க."

வாங்கிக்கொண்டேன்.

"மாரப்பா, எம்மேல கோவம் தீந்துதா?"

"இல்லீங்ணா."

"நான் என்ன பண்ணோணும், சொல்லு. எது வேணா பண்றேன்."

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. கோவமா இருக்கறேன். இருந்துட்டுப் போறேன், உடுங்க."

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். மூன்று மணிக்கு அவனுக்கு டூட்டி.